சாட்சியிடம் கேள்வி கேட்கும் வசதி: இனப்படுகொலையில் உயிர் பிழைத்தோரின் சாட்சியத்தை உரையாடும் வடிவில் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

1946 கோடையில் டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் சிகாகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனார். அவர் கையில் இருந்தது கம்பியில் ஒலியைப் பதியும் ஓர் இயந்திரம். கூடவே தலைமுடி போல மெல்லிய எஃகுக் கம்பி சுற்றிய உருளைகள். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்களை அகதி முகாம்களில் தேடிப்போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒன்பது மொழிகளில் பேசவைத்துப் பதிந்துகொண்டு திரும்பினார். பிரான்சின் ஹெனோன்வில் முகாமில் சிலர் அவருக்காகப் பாடவும் செய்தார்கள். அந்தப் பாடல் உருளை மட்டும் பின்னாளில் எங்கோ தொலைந்துபோனது.

2017-இல்தான் அது மீண்டும் காதில் விழுந்தது. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் உள்ள உளவியல் வரலாற்றுக் காப்பகத்திலேயே ஒரு தகர டப்பாவுக்குள் அது கிடந்திருக்கிறது. டப்பாவின் மேல் ஊர்ப் பெயரில் எழுத்து மாறி ‘ஹெரோவில் பாடல்கள்’ என்று இருந்தது. கம்பியை ஓடவைக்கப் பொருத்தமான பழைய இயந்திரத்தைத் தேடிப்பிடித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. குரலுக்கு எழுபது ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை. காலைவாரியது பெயர்ச்சீட்டும் இயந்திரமும்தான்.

இந்தத் துறைக்குள் கால்வைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இன்று அருங்காட்சியகங்களில் பிழைத்தவரின் உருவம் ஆளுயரத்தில் திரையில் அமர்ந்திருக்கிறது; பார்வையாளர் கேள்வி கேட்டால் அது பதில் சொல்கிறது. பார்த்தவுடன் எல்லோருக்கும் ஆசை வருகிறது. ஒரு சமூக அமைப்போ சிறு அருங்காட்சியகமோ இதைச் செய்ய இறங்கினால் என்னென்ன செய்ய வேண்டும், எங்கே தடுக்கி விழ நேரும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எது தேவை என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

சாட்சியத்தைக் காணொளியாகப் பதியும் வேலை புதிதல்ல. 1979-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சிலர் சேர்ந்து தொடங்கிய பதிவு முயற்சிதான் பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்டுனோஃப் காணொளிக் காப்பகமாக வளர்ந்தது. இன்று அங்கே 4,400-க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை, அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 52,000 பேரைப் பதிவுசெய்தது. இவை எல்லாமே பிழைத்தவர் தம் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் தாமே சொல்லிப்போகும் நீண்ட நேர்காணல்கள்.

உரையாடும் சாட்சியம் வேறு வகை. பிழைத்தவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “அவர்களை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?” என்பாள். வகுப்பறையே நிமிர்ந்து உட்காரும். பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது கதை நம்மிடமே இருக்கிறது. நீண்ட நேர்காணல் அதைக் காத்துவிடும். போய்விடுவது அந்த மாணவி எழுந்து கேட்கும் வாய்ப்பு. அந்த வாய்ப்பில் ஒரு பகுதியையாவது மீட்கத்தான் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் பதிந்து வைக்கிறார்கள்.

கையில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் நீண்ட நேர்காணலை எடுங்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒருவரை உரையாடும் வடிவில் பதிவதற்கு ஆகும் உழைப்பில் பலரின் முழு வாழ்க்கையையும் பதிந்துவிடலாம். உரையாடும் வடிவம் என்பது ஏற்கெனவே நீண்ட நேர்காணல் தந்தவர்களிலிருந்து ஒருவரையோ சிலரையோ தேர்ந்தெடுத்துச் செய்யும் இரண்டாம் கட்ட வேலை.

ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமல்ல

பலரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி இது. ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எண்பது வயதைக் கடந்த ஒருவரிடம், “உங்கள் உருவம் நீங்கள் இறந்த பிறகும் அந்நியர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்” என்பதைப் புரியவைக்க ஒரு சந்திப்பு போதாது. ஏற்கெனவே செய்யப்பட்ட ஒரு மாதிரியை அவருக்கு இயக்கிக் காட்டுங்கள். அவரே அதனிடம் கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போய், பிள்ளைகளிடம் பேசி, ஒரு வாரம் கழித்து வரட்டும்.

ஒப்புதல் தாளில் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டியவை சில உண்டு. யார், எங்கெல்லாம் காட்டலாம்? இணையத்தில் போடலாமா? அவர் மனம் மாறினால் எப்படி விலகிக்கொள்வது? அவருக்குப் பிறகு முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? இன்று கட்டாயமாகச் சேர வேண்டிய கேள்வி ஒன்று: அவர் முகத்தையும் குரலையும் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கலாமா, அவர் சொல்லாத சொற்களை அவர் குரலில் உருவாக்கலாமா? ‘கூடாது’ என்பதைப் பொதுவான வாசகத்துக்குள் புதைக்காமல் தனி வரியாக எழுதுங்கள்.

சாட்சி சொல்பவருக்கு ஆபத்து என்பது பழைய காலத்து விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாட்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு கச்சாச்சா எனப்படும் ஊர் நீதிமன்றங்கள் 2012-இல் மூடப்படும் வரை ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகளை விசாரித்தன. தண்டனை முடிந்து திரும்பியவரும் பிழைத்தவரும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். அங்கே ஒருவர் சொல்லும் பெயர் நாளைக் காலையிலேயே அவர் வாசல்படிக்கு வந்துவிடும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் பேசுவதற்கு நோபல் அமைதிப் பரிசு பெற்ற, ஈராக்கின் யாசிதி சிறுபான்மைப் பெண் நாதியா முராதின் பெயரிலேயே 2022-இல் ஒரு நடத்தை நெறி வெளியானது. அத்தகைய சாட்சியத்தைத் தொடும் எவரும் அதைப் படிக்காமல் மைக்கை எடுக்கக் கூடாது. முகத்தைக் காட்ட முடியாத நிலையில் உள்ளவருக்கு உரையாடும் வடிவம் பொருந்தாது. அவரை வற்புறுத்தாமல், ஒலிப்பதிவாகவோ எழுத்தாகவோ பெற்றுக்கொள்ளுங்கள்.

முழு வாழ்க்கையையும் கேளுங்கள், திருத்தாதீர்கள்

நீண்ட நேர்காணலில் கேட்பவர் குறைவாகப் பேச வேண்டும். நியூ ஹேவன் முயற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டோரி லாப், சிறுவயதில் தாமே யூதப் பேரழிவிலிருந்து (ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) பிழைத்தவர். அவர் பதிந்த ஒரு பெண், 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைச் சொல்லும்போது, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்றார். அழிந்தது ஒன்றுதான். எண்ணே தவறு, எனவே இந்தச் சாட்சியம் செல்லாது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். லாப் ஏற்கவில்லை. அந்த இடத்தில் எதிர்ப்பு என்ற ஒன்று நடக்க முடியும் என்பதே நம்ப முடியாத செய்தி. அந்தப் பெண் அதற்குத்தான் சாட்சி சொல்கிறார் என்றார்.

உங்கள் வேலைக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. பிழைத்தவர் சொன்ன எண்ணையோ தேதியையோ வெட்டவோ மறுபடி சொல்லச் சொல்லவோ கூடாது. பதிவுக்கு முன் நீங்கள் வரைபடம், பெயர்ப்பட்டியல், அந்தக் காலத்து ஆவணங்கள் எல்லாவற்றையும் படித்துத் தயாராக வேண்டும். வேறுபாடு இருந்தால் காட்சிக்கூடத்தில் பக்கத்தில் ஒரு பலகையில் ஆவணம் சொல்வதை எழுதுங்கள். இனப்படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்கள் இப்படிப்பட்ட சிறு பிழைகளுக்காகவே காத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிழையை மறைத்து வெட்டியது ஒருநாள் வெளியே தெரிந்தால் அவர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடைத்துவிடும்.

கேள்விகளைத் திரட்டுவது

அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களே உட்கார்ந்து கேள்வி எழுதினால் ஆய்வேட்டுக் கேள்விகள்தான் வரும். பள்ளிகளுக்குப் போங்கள். பிழைத்தவரின் நேர்காணலில் பத்து நிமிடத்தைக் காட்டிவிட்டு, கேட்க விரும்புவதையெல்லாம் தாளில் எழுதச் சொல்லுங்கள். எதற்கும் அஞ்சாத கேள்விகள் கொட்டும். பசித்தால் என்ன செய்தீர்கள்? கழிப்பறை இருந்ததா? கடவுளை நம்புகிறீர்களா? கனவு வருகிறதா? பழிவாங்க ஆசை வந்ததா? உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எது?

கடைசிக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். காட்சிக்கூடத்தில் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். பெரிய கேள்விக்குப் போகும் முன் தைரியம் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு கேள்வி தேவை? தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஷோவா அறக்கட்டளையின் உரையாடும் சாட்சியத் திட்டத்தில் முதன்முதலாக முழுமையாகப் பதியப்பட்டவர் பிங்காஸ் குட்டர். போலந்தின் லோட்ஸ் நகரில் 1932-இல் பிறந்தவர், மைதானெக் உட்படப் பல நாஜி முகாம்களிலிருந்து பிழைத்தவர். 2014-இல் அவரிடம் ஏறத்தாழ 2,000 கேள்விகள் கேட்கப்பட்டன. பொதுவாக ஒருவருக்கு ஆயிரம் கேள்விகள், ஐந்து நாட்கள் என்று திட்டமிடலாம்.

இவற்றோடு ‘உதவிப் பதில்கள்’ சிலவும் வேண்டும்: கேள்வி புரியவில்லை, வேறு மாதிரி கேளுங்கள், இதைப் பற்றி நான் பேசியதில்லை, இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை, வணக்கம், போய்வாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு விதமாகச் சொல்லவைத்துப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரே ‘புரியவில்லை’ பத்து முறை ஓடி, கூடத்தில் சிரிப்பு எழும்.

பதில் ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டும். நேர்காணல் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில்தான் சறுக்கும். “ஆமாம், அங்கேயும் அதேதான்” என்ற பதில் முந்தைய கேள்வி இல்லாமல் செத்த பதில். “முகாமில் எங்களுக்குக் காலையில் கிடைத்தது...” என்று தொடங்கினால் அது எந்தக் கேள்விக்குப் பின்னும் நிற்கும். “எனக்கு எண்பத்திரண்டு வயது” என்பது அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். “நான் 1932-இல் பிறந்தவன்” என்றால் எப்போதும் உண்மை. ‘நேற்று’, ‘இப்போதைய அரசு’, ‘என் மனைவி வீட்டில் காத்திருக்கிறாள்’ ஆகியவற்றையும் கவனியுங்கள். இதை முன்கூட்டியே அவரிடம் விளக்கிச் சொல்லலாம், பேசும்போது குறுக்கிடாதீர்கள். நல்ல பதில் காலத்தோடு கட்டுண்டிருந்தால், கேள்வியை மாற்றிப் பிறகு இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம்.

படப்பிடிப்பு

அமரும் நாற்காலியே முதல் சிக்கல். ஐந்து நாட்கள் தனித்தனியாகப் பதிந்த ஆயிரம் துண்டுகள் எந்த வரிசையிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். முதல் நாள் காலைப் பதிலும் நான்காம் நாள் மாலைப் பதிலும் அடுத்தடுத்து வந்தால் உடல் தாவக் கூடாது. ஆகவே ஒரே ஆடை. அதே போன்ற இரண்டு மூன்று உருப்படிகளை முன்பே வாங்கி வையுங்கள். நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் நாடா ஒட்டுங்கள். முடி வாரும் விதம், கண்ணாடி, கடிகாரம் எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுத்து, மறுநாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் பின்னும் அவர் ஒரே ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டும்: கைகள் மடியில், பார்வை நேரே, வாய் மூடி, இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிதான் துண்டுகளை ஒட்டும் பசை. இதைத் தவிர, அவர் ஒன்றும் பேசாமல் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பது போலச் சில நிமிடங்கள் பதிய வேண்டும். காட்சிக்கூடத்தில் யாரும் பேசாத நேரத்திலும் அவர் மூச்சுவிட்டு, கண்சிமிட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது இந்தப் பதிவால்தான். திட்டத்திலேயே மிகச் சலிப்பான படப்பிடிப்பு. பார்வையாளர் மிக அதிக நேரம் பார்க்கப்போவதும் இதைத்தான்.

பெரிய நிறுவனங்கள் கோளவடிவ விளக்குக் கூடத்துக்குள், சுற்றிலும் பல கேமராக்களை வைத்து எடுக்கின்றன. வருங்காலத்தில் முப்பரிமாணத் திரை எந்த வடிவில் வந்தாலும் பயன்படும் என்ற கணக்கு. உங்களுக்கு அது வாய்க்காவிட்டால் பச்சைத் திரைக்கு முன் உயர்தெளிவுக் கேமரா ஒன்று நேராக, பக்கவாட்டில் இரண்டு என்பது தாராளம். ஆனால் ஒலியில் சமரசம் வேண்டாம். சட்டையில் ஒரு மைக், தலைக்கு மேல் இன்னொன்று, இரண்டும் தனித்தனிப் பதிவாக. நான் அருகிருந்து பார்த்த ஒரு பதிவில் நாற்காலி ஒவ்வொரு அசைவுக்கும் கிறீச்சிட்டது. மூன்றாம் நாள்தான் ஒருவர் காதில் அது விழுந்தது. அதற்குள் அறுநூறு பதில் முடிந்திருந்தது.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கடுமையான நினைவுகளை நாளின் நடுவில் வையுங்கள். காலையில் சாதாரணக் கேள்விகள், முடிக்கும்போது குழந்தைப் பருவமோ பேரப்பிள்ளைகளோ. அவருக்குப் பழக்கமான ஒருவர் கேமராவுக்குப் பின்னால் எப்போதும் இருக்கட்டும். அவர் கை உயர்த்தினால் படப்பிடிப்பு நிற்கும். காரணம் கேட்கக் கூடாது. முடிந்த பிறகு வரும் வாரங்களில் யார் அவரைப் போய்ப் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே குறித்துவையுங்கள். தொடர்ந்து ஐந்து நாள் கிளறப்பட்டவருக்கு ஆறாம் நாள் வீடு மிகவும் அமைதியாக இருக்கும்.

வெட்டுதல், எழுத்துப்படி, குறிச்சொல்

பதிலைத் துண்டாக வெட்டினாலும் வெட்டாத முழுப் பதிவை அழிக்காதீர்கள். அதுதான் மூலம்.

ஒவ்வொரு துண்டுக்கும் அவர் பேசிய மொழியிலேயே சொல்லுக்குச் சொல் எழுத்துப்படி வேண்டும். மொழிபெயர்ப்பு அதன் பிறகு. ஷோவா அறக்கட்டளை தன் நீண்ட சாட்சியங்களை நிமிட நிமிடமாகப் பிரித்து, இடம், ஆள், நிகழ்வு என்று பல்லாயிரம் குறிச்சொற்களால் அட்டவணைப்படுத்தியிருக்கிறது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் இடப்பெயர்களை ஒரே எழுத்துமுறையில் எழுதும் பட்டியலை முதல் நாளிலேயே உருவாக்குங்கள். ‘ஹெரோவில்’ டப்பா பல ஆண்டு ஒளிந்திருந்தது ஓர் எழுத்துப் பிழையால்.

மொழியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவர் அழுத மொழியிலேயே பேசட்டும். சீனாவின் நாஞ்சிங் நகரில் 1937-இல் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையில் பிழைத்த சியா சூச்சின் என்ற மூதாட்டி ஷோவா அறக்கட்டளையின் அதே உரையாடும் திட்டத்துக்காகச் சீன மொழியில்தான் பதிலளித்தார்; அந்தப் பதிவு நாஞ்சிங் நினைவகத்திலேயே வைக்கப்பட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ருவாண்டாவின் கின்யருவாண்டா, கம்போடியாவின் கெமர் போன்ற மொழிகளில் ஆங்கிலத்தில் போலக் கைகொடுக்காது என்பது நடைமுறைச் சிக்கல்தான். அதற்காக அவரை வேற்று மொழியில் தடுமாறவைக்காதீர்கள். பார்வையாளர் தொடுதிரையில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் வழியை வையுங்கள், அல்லது வழிகாட்டி ஒருவர் கேள்வியைத் தட்டச்சு செய்யட்டும்.

பதிலைத் தேடித்தரும் இயந்திரம்

உள்ளே நடப்பது மாயம் ஒன்றுமில்லை. பார்வையாளரின் பேச்சு எழுத்தாகிறது. மென்பொருள் அதைத் தன்னிடம் உள்ள கேள்விகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொருத்த மதிப்பெண் போடுகிறது. மிக உயர்ந்த மதிப்பெண் நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் அந்தத் துண்டு ஓடும். தாண்டாவிட்டால் ‘இதைப் பற்றி நான் பேசியதில்லை’ என்ற உதவிப் பதில் ஓடும்.

இதைப் பழக்க, ஒரே பதிலுக்கு இட்டுச்செல்லும் கேள்வி வடிவங்களைப் பத்துப் பதினைந்தாவது எழுத வேண்டும். ‘எங்கே பிறந்தீர்கள்’, ‘சொந்த ஊர் எது’, ‘சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்’ மூன்றும் ஒன்றா, வேறா? மூன்றாவது வேறாகவும் இருக்கலாம். இதை முடிவுசெய்ய வேண்டியவர் அவர் வாழ்க்கையை அறிந்தவர், மென்பொருள்காரரிடம் விட்டுவிடாதீர்கள். தொடக்கக் கட்டத்தில் இயந்திரத்தையே நம்பாமல், திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் கேள்வியைக் கேட்டுப் பொருத்தமான துண்டைத் தேர்ந்து ஓடவிடும் சோதனையை நடத்துங்கள். எந்தக் கேள்விகளுக்குப் பதிலே இல்லை என்பது அப்போது தெரியும். சாட்சி இன்னும் நலமாக இருந்தால் இரண்டாம் சுற்றுப் படப்பிடிப்பில் அவற்றைப் பதியலாம்.

எல்லையை எங்கே வைப்பது? தவறான பதில் ஓடுவதைவிடப் பதில் இல்லை என்று சொல்வது மேல். குட்டருக்கு சபீனா என்று இரட்டைச் சகோதரி இருந்தாள். மைதானெக்கில் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது இருந்த பொன்னிறப் பின்னல் மட்டுமே தமக்கு நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு சாட்சியிடம் ஒரு சிறுவன், “உங்களுக்கு அக்கா தங்கை உண்டா?” என்று கேட்கிறான் என்று வையுங்கள். பின்னலைப் பற்றிய துண்டு ஓடினால் அவன் வாயடைத்து நிற்பான். ஆனாலும் அது அந்தக் கேள்விக்கு உரிய பதில்தான். அதே துண்டு, “தலைமுடி ஏன் நரைத்துவிட்டது?” என்ற கேள்விக்கு ‘முடி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடினால்? மிகக் கனமான பத்திருபது துண்டுகளுக்கு எல்லையைத் தனியாக உயர்த்தி வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேள்வியைப் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்தலாம். பதிலை அது இயற்றக் கூடாது. ஒரு சொல்லைக்கூட. பிழைத்தவர் சொல்லாததை அவர் முகம் சொல்லும் அந்தக் கணத்தில் அது சாட்சியம் என்ற தகுதியை இழக்கிறது. அதன்பின் அவர் உண்மையிலேயே சொன்ன மற்ற ஆயிரம் பதில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. இனப்படுகொலையை மறுப்பவருக்கு, “இதெல்லாம் கணினி உருவாக்கியது” என்று சொல்ல நீங்களே ஆதாரம் தருகிறீர்கள். 2024-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும் தானே எழுத்தையும் படத்தையும் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு யூதப் பேரழிவைப் பற்றிய பொய்களையும் நடக்காத நிகழ்ச்சிகளையும் புனையக்கூடும் என்று எச்சரித்தது. உதட்டசைவை மாற்றி வேறு மொழியில் பேசவைக்கும் வசதியையும் நான் ஏற்கமாட்டேன். கீழே எழுத்து ஓடினால் போதும். “இங்கே நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் இவர் பேசியது” என்ற பலகையைக் கூசாமல் மாட்டும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

காட்சிக்கூடம்

ஹோலோகிராம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். பல இடங்களில் அது சாய்வாக வைத்த கண்ணாடியில் விழும் பிம்பம். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பேயைக் காட்டிய அதே தந்திரம். பணம் குறைவென்றால் செங்குத்தாக நிறுத்திய ஒரு பெரிய திரை போதும். ஆளின் உயரம் சரியாக இருக்க வேண்டும், பார்வையாளரின் கண்மட்டத்தில் அவர் கண் இருக்க வேண்டும், மற்றவை இரண்டாம்பட்சம்.

அமெரிக்காவின் ஸ்கோக்கி நகரில் உள்ள இல்லினாய் யூதப் பேரழிவு அருங்காட்சியகம் 2017-இல் இதற்கென்றே ஓர் அரங்கைத் திறந்தது. அங்கே முதலில் அந்தச் சாட்சியின் வாழ்க்கையைச் சொல்லும் குறும்படம், பிறகே கேள்வி நேரம். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாமல் வந்து நின்றால் யாருக்கும் கேள்வி வராது. அல்லது இயந்திரத்தை மடக்கும் கேள்விதான் வரும். மைக்கைப் பொதுவில் தொங்கவிடாமல் வழிகாட்டி ஒருவர் கையில் கொடுங்கள். கூச்சப்படும் குழந்தையின் கேள்வியை அவர் தெளிவாகத் திரும்பச் சொல்வார், அநாகரிகமானதைத் தடுப்பார், கனத்த பதிலுக்குப் பிறகு ஒரு நிமிடம் மௌனம் விடுவார். காது கேளாதோருக்கு எழுத்து ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அழ ஓர் அறை வேண்டும். பார்வையாளரின் கேள்விகளைப் பதிந்து மென்பொருளைத் திருத்தலாம். ஆனால் குழந்தைகளின் குரலைச் சேமிக்காமல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் வாசலில் அறிவித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உள்ள நினைவக வளாகத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1995-இல் படுகொலை நடந்த போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு அருகே பொத்தொச்சாரியில் கொல்லப்பட்டவர்களைக் குறிக்கும் 8,372 என்ற எண் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கல்லறைக்குப் பக்கத்தில் பேசும் திரை கூடாது. தனிக் கட்டடத்தில், கதவு மூடிய அறையில் வையுங்கள். சாட்சி உயிரோடு, பேசும் நிலையில் இருக்கும்வரை அவருடைய உருவத்தைவிட அவருக்கே முதலிடம். கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் கெமர் ரூஜ் ஆட்சி நடத்திய துவோல் ஸ்லெங் சிறையில் பிழைத்த சும் மே, பூ மெங் இருவரும் பல ஆண்டுகள் அதே சிறை முற்றத்தில் உட்கார்ந்து வருவோரிடம் பேசினார்கள். எந்தத் திரையும் அதற்கு நிகரில்லை.

மெய்நிகர்க் கண்ணாடி அணிவித்து முகாமுக்குள் அழைத்துப்போகும் வகையும் உண்டு. சாட்சியின் பக்கத்தில் நடக்கவைத்தால் சரி. பார்வையாளரையே கைதியாக்கும் விளையாட்டு வேண்டாம்.

ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஓட வேண்டும்

ஷோவா அறக்கட்டளையின் முதல் பதிவுகள் ஏறத்தாழ 2,35,000 பீட்டாகேம் காணொளி நாடாக்களில் இருந்தன. நாடா மங்கத் தொடங்கும் முன் அவற்றை எண்ணிமமாக்க (டிஜிட்டலாக்க) 2008 முதல் 2012 வரை ஆனது. இழப்பில்லாத முறையில் மோஷன் ஜேபெக் 2000 என்ற காணொளிக் கோப்பு வடிவில் மாற்றினார்கள். சில நாடாக்கள் அதற்குள்ளேயே பழுதாகியிருந்ததால் தனிச் சீரமைப்பும் தேவைப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் வைப்பவரைப் பற்றி என்ன சொல்ல?

மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு நகரத்தில். ஒவ்வொரு கோப்புக்கும், கோப்பு சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணை உருவாக்கிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிரதிகளையும் அதனோடு ஒப்பிடுங்கள். காந்த நாடாவைப் பயன்படுத்தினால், புதிய இயந்திரம் ஓரிரு பழைய தலைமுறைகளை மட்டுமே படிக்கும் என்பதை நினைவில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

மென்பொருள் நிறுவனம் மூடப்படலாம், வாங்கப்படலாம், விலையை இரட்டிப்பாக்கலாம். ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியது: எல்லாத் துண்டுகளும், எழுத்துப்படிகளும், எந்தக் கேள்விக்கு எந்தத் துண்டு என்ற அட்டவணையும் எளிய எழுத்துக் கோப்பாக உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், உரிமை முழுவதும் உங்களுடையது. அந்த அட்டவணை இருந்தால் நாளை எந்த நிறுவனமும் புதிய இயந்திரத்தைக் கட்டலாம். எந்த நிறுவனமும் கிடைக்காவிட்டாலும் கேள்விப் பட்டியலிலிருந்து தேர்ந்து பார்க்கலாம். துண்டுகளுக்கு எண்ணை மட்டும் பெயராக வைக்காதீர்கள். அவர் பெயர், மொழி, பதிந்த நாள், பொருள் நான்கும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். தகர டப்பாவின் மேல் எழுதுவதைப் போலத்தான்.

சாட்சி மறைந்த பிறகு

அவுஷ்விட்சில் நாஜி மருத்துவர் மெங்கலே இரட்டைக் குழந்தைகள்மீது நடத்திய சோதனைகளிலிருந்து பிழைத்த ஏவா கோர், 2019 ஜூலையில் அவுஷ்விட்சுக்குக் குழு ஒன்றை அழைத்துப்போன பயணத்தில் போலந்தின் கிராகோவில் காலமானார். அதற்கு முன்பே அவருடைய உரையாடும் பதிவு முடிந்திருந்தது. அமெரிக்காவின் டெர்ரே ஹோட் நகரில் அவரே தொடங்கிய அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் இன்றும் அதனிடம் கேள்வி கேட்கிறார்கள்.

இந்த நாளுக்கான முடிவுகளைச் சாட்சியோடு சேர்ந்து முன்பே எடுத்துவையுங்கள். செய்தி வந்த அன்று திரையை அணைப்பதா, எத்தனை நாள்? மறுபடி தொடங்கும்போது குடும்பத்தார் முதலில் தனியாக வந்து பார்க்க விரும்புகிறார்களா? வாசல் பலகையில் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் மறைந்த ஆண்டைச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது? பிறகு, துண்டுகளின் பட்டியலை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். “எப்படி இருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு, “நன்றாக இருக்கிறேன், நீங்கள்?” என்று ஒரு பதில் நிச்சயம் இருக்கும். காலையில் கூடம் திறந்ததும் முதலில் நுழையும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அந்தத் துண்டை நீக்குவதா, அப்படியே விடுவதா என்று அவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.